மேல்கோட்டைக்கு ஒரு சமையலறை

நாகசந்திரா

பெங்களூரு துமகூரு சாலையில், நாகசந்திரா மெட்ரோ நிலையத்தை ஒட்டி, 2022 ஜூனில் திறந்த ஐக்கியா கடைக்குள் நடந்தால் வரிசையாகச் சமையலறைகள் வருகின்றன. தாளிதம் அறியாத, எண்ணெய்ப் பிசுக்குப் படியாத சமையலறைகள். பிள்ளைகள் டிராயரை இழுத்து இழுத்து மூடுகிறார்கள். மூடும் முன் அது தானாகத் தயங்கி, சத்தமில்லாமல் உள்ளே போவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். துமகூருவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அலமாரியின் பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது மரமா, அட்டையா?" என்று மருமகளிடம் கன்னடத்தில் கேட்டார். மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை என்றாள் அவள். "அப்படியானால் தண்ணீர் படாத வீட்டுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நாங்கள் போனது மேல்கோட்டையில் தனியாக இருக்கும் தோழியின் அம்மாவுக்காக. பழைய அக்ரஹார வீடு. சமையலறையில் கடப்பாக் கல் தட்டுகள். அவற்றின் முன்னால் மரச்சட்டம் அடித்து, சட்டத்தில் கதவு தொங்கவிட்டிருக்கிறது. சட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது. மாமிக்கு எழுபது தாண்டியாயிற்று; குனிந்து, இருட்டுக்குள் கைவிட்டுத் துழாவ முடியவில்லை. சட்டமே இல்லாத ஐரோப்பிய மாதிரி அலமாரி வேண்டும், ஆனால் விலை கையைக் கடிக்கக் கூடாது என்று தோழி சொல்லியிருந்தாள்.

சட்டமில்லாத அலமாரி என்பது வெறும் பெட்டி. கீல் பெட்டியின் பக்கப் பலகையிலேயே உட்காரும்; கதவு பெட்டியின் முகத்தை முழுக்க மூடும். லாபம் என்ன என்று கணக்குப் போட்டால் தெரியும். 600 மில்லிமீட்டர் அகலப் பெட்டியில் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டு பக்கமும் போக, வாய் 564. அதே அகலத்தில் பக்கத்துக்கு 38 மில்லிமீட்டர் சட்டம் வைத்தால் வாய் 524 ஆகிவிடும். ஒரு பெட்டிக்கு நான்கு சென்டிமீட்டர், சட்டம் எடுத்துக்கொள்ளும் இடம்.

இந்த மாதிரி ஐரோப்பாவில் செல்வந்தர் வீட்டில் பிறக்கவில்லை. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-ல் ஃபிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ ஆறரைச் சதுர மீட்டரில் ஒரு சமையலறை வரைந்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதெல்லாம் அவர் கணக்கில் இருந்தது. மாவுக்கு ஓக் மர டிராயர், புழு அண்டாது என்பதற்காக. அரிசிக்கும் சர்க்கரைக்கும் மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. செலவு வாடகையோடு சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நல்ல மரம் அரிதாகி, மரத்தூள் பலகை பெருகியபோது, சட்டத்துக்கான மரமும் மிச்சம் என்று சட்டத்தையே விட்டுவிட்டார்கள். பக்கப் பலகையில் முன்விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் உள்ளே, 32 மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்று அளவு நிலைத்தது. எந்த நிறுவனத்தின் கீலும் அந்தத் துளைகளில் பொருந்தும். அமெரிக்காவில் சட்டம் வைத்த அலமாரி இன்றும் பரவலாக இருக்கிறது.

சிக்கனத்துக்குப் பிறந்த இந்தப் பெட்டிதான் சென்னையிலும் பெங்களூரிலும் 'ஜெர்மன் கிச்சன்' என்று குளிரூட்டிய அறையில் நின்று, கார் விலை கேட்கிறது. நாகசந்திராவில் விலை அவ்வளவு இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன தண்ணீர்க் கேள்வி எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டது. மேல்கோட்டை வீட்டில் சமையலறையைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள்.

சென்னபட்டணா

2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலை ஊர்களைத் தொடாமல் தாண்டிப் போகிறது. பழைய சாலையில் இறங்கினால்தான் சென்னபட்டணா. மரப் பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாங்க வருகிறவர்கள் முன்போல் இல்லை என்கிறார்கள் கடைக்காரர்கள்.

ஒரு சந்துக்குள் கடைசல் சத்தம் கேட்டு நுழைந்தோம். நடுவயதுப் பெண் ஒருவர் கடைசல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். ஓசூரில் அக்கா இருக்கிறாள் என்று தமிழிலேயே பேசினார். இங்கே ஆலே மரம் என்கிறார்கள். நம் ஊர் வெப்பாலை. வெள்ளை வெளேரென்று, நார் தெரியாத மரம். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார். சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறுகிறது. பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்க்க, கண்ணாடிப் பளபளப்பு வருகிறது. வார்னிஷ் கிடையாது.

"குதிரையும் ரயிலும் பண்ணி என் அப்பா வீடு கட்டினார். நான் குமிழ் பண்றேன்" என்று ஒரு கூடையைத் தள்ளினார். டிராயர்க் குமிழ்கள். மஞ்சள், அரக்குச் சிவப்பு, கிளிப்பச்சை. ஓட்டல்காரர்கள், வீடு அலங்கரிப்பவர்கள் மொத்தமாக வாங்குகிறார்களாம். ஷோரூமில் ஓர் எஃகுக் கைப்பிடிக்குக் கேட்ட விலையில் இங்கே ஒரு கை நிறையக் கிடைத்தது. தோழி மஞ்சள் எடுத்தாள். "இருட்டிலேயும் அம்மாவுக்குத் தெரியும்" என்றாள்.

மத்தூர்

மத்தூர் வடை 1917-ல் ரயில் நிலையச் சிற்றுண்டிக் கடையில் பிறந்தது என்பார்கள். ரவை, அரிசி மாவு, மைதா, நிறைய வெங்காயம். கையில் தட்டிப் போட்ட தட்டையான, மொறுமொறுப்பான வடை. நம் மெதுவடையை நினைத்துக்கொண்டு கடித்தால் ஏமாற்றம்; தட்டையை நினைத்துக்கொண்டு கடித்தால் ஆச்சரியம்.

நாங்கள் சாப்பிட்ட கடையின் சமையற்கட்டு வாசலிலிருந்தே தெரிந்தது. சுவர் முழுக்கக் கல் தட்டு, ஒன்றுக்கும் கதவில்லை. தூக்கும் கரண்டியும் எங்கே என்று தேடாமல் கை நீட்டுகிறார் சமையல்காரர். ஏன் கதவு போடவில்லை என்று கேட்டதற்கு, "கதவு போட்டால் கரப்பான் குடிவந்து நம்மிடமே வாடகை கேட்கும்" என்றார். சிரித்துவிட்டு வந்தாலும், தோழி கையிலிருந்த வரைபடத்தில் ஓர் இடத்தில் கதவை அடித்துவிட்டாள். தினம் எடுக்கும் தட்டு டம்ளருக்குக் கதவு எதற்கு?

மைசூரு

மண்டியா தாண்டியதும் இரு பக்கமும் கரும்பு. கிருஷ்ணராஜசாகரத்து வாய்க்கால் தண்ணீர் பாயும் இடம் வரை பச்சை. வெல்லம் காய்ச்சும் ஆலைகளின் புகை சாலைக்கே இனிப்பாக வருகிறது. சென்னையிலிருந்து வருகிற கண்ணுக்கு இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு நிழலும் சற்று அதிகம்.

மைசூரில் காலையில் மைலாரி தோசை. வாழையிலையில், பஞ்சு மாதிரி மெத்தென்று, மேலே வெண்ணெய் உருக உருக. முறுகல் தோசைக்காரர்களான நாங்கள் பேசாமல் இன்னொன்று வாங்கினோம்.

முதலில் ஷோரூம்கள். அக்ரிலிக், பி.யு. பெயின்ட், இறக்குமதி என்ற சொற்கள் வந்தன. விலையைச் சதுர அடியில் சொன்னார்கள். எந்தச் சதுர அடி என்று கேட்டால் முன்பக்க முகத்தின் அளவு மட்டும். டிராயர், கம்பிக் கூடை, கீல் எல்லாம் தனிக் கணக்கு. அளவு எடுக்கும் முன்பே முன்பணம் கேட்ட இடமும் உண்டு.

பிறகு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனோம். உரிமையாளர் கொள்ளேகால்காரர்; பேச்சில் பாதி கன்னடம், பாதி கொங்குத் தமிழ். பேனல் சாவில் பலகை அறுபட, பக்கத்தில் எட்ஜ் பேண்டிங் இயந்திரம் விளிம்புக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜஸ்தானிலிருந்து வந்த ஆசாரிகள் இருவர் கீலுக்கு 35 மில்லிமீட்டர் குழி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிராங்க்பர்ட்டுக்குப் பின் நிலைத்த அந்த 37-ம் 32-ம் இங்கே சுவரில் பென்சிலால் எழுதியிருந்தது.

"ஐரோப்பா மாதிரிங்கறது அளவுதானுங்க. மெஷின் இருக்கிற யாரும் பண்ணலாம்" என்று ஆரம்பித்தார். அவர் நடத்திய பாடம் எந்த ஷோரூமிலும் கிடைக்காதது.

பலகை எட்டுக்கு நாலடி. நாலடி அகலத்தை இரண்டாகக் கிழித்தால் 600 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இரண்டு கீற்று வரும். அடிப்பெட்டியின் ஆழத்தை 560-லிருந்து 580-க்குள் வைத்தால் பலகை வீணாகாது. கதவோடு சேர்த்து மேடைக் கல்லுக்கு அடியில் அழகாக உட்காரும். 650 ஆழம் கேட்டால் பாதிப் பலகை குப்பைக்குப் போகும், அதன் விலையும் வாடிக்கையாளர் தலையில்தான்.

தண்ணீர்க் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. தொட்டிக்கு அடியில் வரும் பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தும் அடுக்குப் பிரியாமல் நிற்க வேண்டும் என்பது அந்த முத்திரைக்கான சோதனை. மற்றப் பெட்டிகளுக்கு ஐ.எஸ். 303-ன் பி.டபிள்யூ.ஆர். தரம் போதும். அவரிடம் இருந்த சரக்கில் பெரும்பகுதி கேரளத்துப் பெரும்பாவூரில் ரப்பர் மரத்திலிருந்து செய்தது. எல்லாவற்றுக்கும் 710 போடச் சொல்பவர் பலகை விற்பவர் என்றார்.

கீல் மூன்று வகை: கதவு பக்கப் பலகையை முழுக்க மூடினால் 0 கிராங்க், இரண்டு கதவுகள் ஒரே பலகையைப் பங்கிட்டால் 8, கதவு பெட்டிக்குள் அடங்கினால் 16. சட்டமில்லாத அலமாரிக்குப் பெரும்பாலும் முதலாவது. "கீலில் மிச்சம் பிடிக்காதீங்க. தினம் நாற்பது தடவை திறக்கிற சாமான் அது. டிராயருக்கு டேண்டம் பாக்ஸ் கேட்காதீங்க. பால் பேரிங் சேனல் 45 கிலோ தாங்கும், விலை எத்தனையோ மடங்கு கம்மி. கதவுக்கு அக்ரிலிக் வேண்டாம், லேமினேட் போதும்." சதுர அடி விலை கேட்டபோது தலையாட்டி மறுத்துவிட்டார். பெட்டி பெட்டியாக எழுதித் தந்தார். மொத்தம் ஷோரூம் சொன்னதில் பாதிக்கும் சற்றுக் குறைவு.

"ஆனா வீட்டைப் பார்க்காம கைவைக்க மாட்டேன்" என்றார். மறுநாள் அளவு நாடாவும் மட்டக்குழாயுமாக எங்களோடு கிளம்பினார்.

தொண்டனூர்

பாண்டவபுரம் தாண்டியதும் வயல்கள் பின்வாங்கிப் பாறைகள் வருகின்றன. தொண்டனூர் ஏரி இரண்டு குன்றுகளுக்கு நடுவே, கரை தெரியாத நீலமாகக் கிடக்கிறது. இராமானுசர் காலத்தில் வெட்டியது என்பது ஊர் வழக்கு. ஏரிக்கரையில் இளநீர் விற்றவர் பட்டறைக்காரரிடம் எங்கே போகிறோம் என்று கேட்டார். மேல்கோட்டையில் சமையலறை வேலை என்றதும், "புளியோகரே ஊரில் கிச்சனா? அங்கே ஊரே கிச்சன்தானே" என்றார்.

மேல்கோட்டை

மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நிர்வாகக் கணக்கில் மண்டியா மாவட்டம், பாண்டவபுரம் தாலுகா. தமிழ் வைணவர்களுக்கு இது திருநாராயணபுரம். திருவரங்கத்தை விட்டு வந்த இராமானுசர் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கினார் என்பது மரபு. கோயிலுக்கு உள்ளே 'தமர் உகந்த திருமேனி' என்ற அவர் விக்கிரகம். மலை உச்சியில் யோக நரசிம்மர், அடியில் கல்யாணித் தீர்த்தம். தெருவில் கன்னடம், வீட்டுக்குள் ஒரு பழைய தமிழ். கன்னடக் கவிஞர் பு. தி. நரசிம்மாச்சார் 1905-ல் பிறந்த ஊர் இது. அவர் வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். 1948-ல் ஜெயலலிதா பிறந்ததும் இங்கேதான்.

மாமி வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "வாங்கோம்மா. மொதல்ல தீர்த்தம் சாப்பிடுங்கோ, அப்பறம் அளக்கலாம்" என்றார். கையில் ஒரு கோல். உதவிக்கு என்று நினைத்தேன். குரங்குக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

இலையில் புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், சாத்தமுது. புளியோதரை கறுப்புக்குப் பக்கத்து நிறம்; மிளகும் எள்ளும் வெல்லமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. புளிக்காய்ச்சலை ஜாடியில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார். அந்த ஜாடியை வைக்க இடம் இல்லாத சமையலறை எத்தனை அழகாயிருந்தாலும் இந்த வீட்டில் செல்லாது.

சாப்பிட்டதும் தளிகை உள்ளுக்குள் போனோம். முற்றத்து வெளிச்சம் வாசல் வரை வந்து நிற்கும் அறை. மூங்கில் கொடியில் மடித்துணி. பட்டறைக்காரர் செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டு, மாமி தலையசைத்த பிறகுதான் நுழைந்தார். அளவெடுத்துவிட்டுச் சொன்ன முதல் செய்தி, எந்தச் சுவரும் நேராக இல்லை. தரை ஒரு மூலையில் இரண்டு விரல் தாழ்வு. மண் சுவர் முக்கால் கெஜத் தடிமன். அதில் ஆணி நிற்காது, பாரம் நிறைந்த மேல் அலமாரி தொங்காது.

தோழி மனத்திலிருந்த மேல் வரிசை அந்த நிமிடமே போயிற்று. கூடவே மதிப்பீட்டில் கணிசமான தொகையும் போயிற்று. எனக்கு என் சென்னை அடுக்ககம் நினைவுக்கு வந்தது. அங்கே சுவர் முழுக்கத் தலைக்கு மேல் அலமாரி. ஸ்டூல் போட்டு ஏறித் திறப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்.

மாமியின் கேள்விகள் வரிசையாக வந்தன.

"இதுக்கு அடியிலே பெருக்கித் துடைக்க முடியுமோ?"

முடியும். பெட்டிகள் தரையில் உட்காராது. திருகி உயரம் மாற்றும் பிளாஸ்டிக் கால்களில் நிற்கும். தரையின் கோணல் அதிலேயே சரியாகும், கறையானுக்கும் மரத்துக்கும் நேர்வழி இருக்காது. முன்னால் உள்ள மறைப்புப் பலகை கிளிப்பில் நிற்கிறது. கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். மாமி முகத்தில் முதல்முறையாக வேலையில் சிரத்தை வந்தது.

"கைப்பிடியே இல்லாமல் தள்ளினால் திறக்கிற கதவும் உண்டும்மா" என்றார் பட்டறைக்காரர்.

"அது குரங்குக்குப் பண்ற ஒத்தாசைன்னா?"

கல்யாணிப் பக்கம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் குரங்குகள் முற்றத்து வழியாக இறங்கிவிடுகின்றனவாம். தள்ளித் திறக்கும் கதவு அங்கேயே கைவிடப்பட்டது. சென்னபட்டணத்து மஞ்சள் குமிழும் ஒரு சிறு தாழ்ப்பாளும் போதும் என்று முடிவாயிற்று.

"இது எங்கே போகும்?" என்று கடைசியாக மாமி காட்டியது ஒரு வெண்கல உருளி. அக்கார அடிசிலுக்கானது, மாமியாரின் மாமியார் கொண்டுவந்தது. நாடாவை விரித்தால் குறுக்கே 54 சென்டிமீட்டர். சட்டம் வைத்த 600 அலமாரியில் 52 சென்டிமீட்டர் வாய்க்குள் நுழையாது. சட்டமில்லாத பெட்டியில் 56 சென்டிமீட்டருக்குள் போகிறது. டிராயரில் சேனலும் பக்கப் பலகையும் இடத்தைத் தின்பதால் போகாது; அதனால் அந்த ஒரு பெட்டிக்கு டிராயர் இல்லை, தட்டு மட்டும், அதுவும் இரட்டைப் பலகையில். நாகசந்திராவிலும் மைசூரிலும் கணக்காகவே இருந்த நான்கு சென்டிமீட்டர் இங்கே உருளியாகத் தரையில் கிடந்தது.

வடக்குச் சுவரை மட்டும் மாமி விட்டுக்கொடுக்கவில்லை. பெருமாள் தளிகைப் பாத்திரங்கள் இருக்கும் கடப்பாக் கல் தட்டுகள் அங்கே. "பசை வச்ச பலகையிலே அது வேண்டாம். கல்லுன்னா கழுவிடுவேன்." யாரும் எதிர்வாதம் செய்யவில்லை. செல்லரித்த சட்டத்தைப் பெயர்த்துவிட்டுக் கல்லை அப்படியே விட, முன்னால் திரை போடத் தீர்மானம். ஊரிலேயே ஜனபத சேவா டிரஸ்ட் நெய்யும் கைத்தறித் துணி இருக்கிறது. இயற்கைச் சாயம், வெளுத்தாலும் அழகு. கதவுக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்கு.

சாயங்காலம் பட்டறைக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கணக்கை மறுபடி எழுதினார். அடிவரிசை மட்டும், தொட்டிக்கு மரைன் பிளைவுட், மீதிக்குச் சாதாரணத் தரம், மூன்று டிராயர், இரண்டு கதவுப் பெட்டி, உருளிக்கு ஒன்று, லேமினேட் முகம், நல்ல கீல். மைசூரில் எழுதியதைவிடவும் குறைந்திருந்தது. குறைத்தது பேரம் அல்ல. அந்தச் சமையலறைக்குத் தேவையில்லாதவை ஒவ்வொன்றாகக் கழன்றதுதான்.

மலிவான ஐரோப்பியச் சமையலறை கடையில் இருக்கிறதா என்று கேட்டால், கடையில் இருப்பது அதன் படம் மட்டுமே என்பேன். 37, 32, 560 என்ற அளவுகள் யாருக்கும் சொந்தமில்லை. பேனல் சாவும் எட்ஜ் பேண்டரும் வைத்திருக்கிற எந்த ஊர்ப் பட்டறையும் அவற்றைப் போட்டுத் தரும். பணத்தைத் தண்ணீர் படும் பலகையிலும் கீலிலும் போடுங்கள். முகத்திலும் தலைக்கு மேலும் போடாதீர்கள். விலையைச் சதுர அடியில் வாங்காமல் பெட்டி வாரியாக எழுதி வாங்குங்கள். ஷோரூமுக்குக் கிளம்பும் முன், சமைக்கிறவரைக் கேட்டு, வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தின் குறுக்களவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நுழையாத அலமாரி என்ன விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.